உயர்தரப் பாடங்களைத் தெரிவுசெய்யும் முன்: வன்னி மாணவருக்கும் பெற்றோருக்கும்

க.பொ.த. சாதாரணதரப் பெறுபேறு வெளியான மறுநாட் காலை, முதல் பேருந்திலேயே பெற்றோர் பாடசாலைக்கு வந்துவிடுவார்கள். வயல் வேலையையும் கடல் தொழிலையும் அன்றைக்கு நிறுத்திவிட்டு, பெறுபேற்றுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகின்ற அவர்களிடம் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கும்: "சேர், பிள்ளைக்கு ஆறு ஏ வந்திருக்கு, பயோ (உயிரியற் பிரிவு) விடலாமோ?" வன்னிப் பாடசாலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பௌதிகவியல் கற்பித்தும், அதில் பாதிக் காலம் வழிகாட்டல் ஆசிரியராக இருந்தும், இந்தக் கேள்வியை நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன். கேள்வி பிழையானதன்று, அதை முதலாவதாகக் கேட்பதுதான் பிழை. கையில் இருக்கும் பெறுபேற்றை வைத்து ஒரு பிரிவைத் தெரிந்துவிட்டு, அந்தப் பிரிவால் எங்கெங்கே போகலாம் என்பதை உயர்தரப் பரீட்சை எழுதிய பிறகு தேடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பிள்ளை எந்தப் பட்டத்தைப் படிக்க விரும்புகிறது என்பதிலிருந்து தொடங்கி, அதற்கு எந்த மூன்று பாடங்கள் வேண்டும், அந்த மூன்றையும் நமது பாடசாலையில் யார் கற்பிக்கிறார்கள் என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு வந்தால், பிரிவின் பெயர் தானாகவே கிடைக்கும்.

கைந்நூலை முன்னரே வாசியுங்கள்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழக அனுமதிக்கான கைந்நூலை வெளியிடுகிறது. உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு, விண்ணப்பம் நிரப்புவதற்காக வாங்கும் நூலாகவே பலரும் அதை நினைத்திருக்கிறார்கள். தரம் 11 இல் படிக்கும் பிள்ளையின் வீட்டில்தான் அது முதலில் இருக்க வேண்டும் என்பேன். முந்திய ஆண்டுப் பிரதி போதும். ஊரில் யாராவது அக்காவோ அண்ணாவோ பயன்படுத்தியதை இரவல் வாங்கலாம், ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். ஒரு கற்கைநெறி எந்தெந்தப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, அதற்கு உயர்தரத்தில் எந்தப் பாடங்களில் சித்தி வேண்டும், சாதாரணதரத்தில் எதிலாவது திறமைச் சித்தி கேட்கிறார்களா, தனியாகச் செயன்முறைப் பரீட்சையோ உளச்சார்புப் பரீட்சையோ உண்டா என்பவை அதில் கற்கைநெறிவாரியாக எழுதப்பட்டிருக்கும்.

பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்திருந்து அதிலிருந்து ஐந்து கற்கைநெறிகளைத் தெரிந்து, ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். முதலாவது பிள்ளை மிகவும் ஆசைப்படுவதாக இருக்கட்டும்; கடைசியானது, அதுவே கிடைத்தாலும் மனம் கோணாமல் போய்ப் படிக்கக்கூடியதாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டு வருகின்ற பிள்ளைகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏனெனில் அந்த ஒன்றின் வெட்டுப்புள்ளிக்கு (அனுமதி கிடைக்கத் தேவையான மிகக் குறைந்த புள்ளிக்கு) இம்மியளவு குறைந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது கேட்கும் பாடங்களை எழுதிய பிறகு, ஐந்தில் எத்தனையை எந்த மூன்று பாடங்கள் திறந்து தருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதிகமானவற்றைத் திறக்கும் மூன்றே உங்கள் பிள்ளைக்கான பாடங்கள்.

இப்படிச் செய்யாததால் நேர்ந்த இழப்புகள் சிலவற்றைச் சொன்னால் இதன் தேவை விளங்கும். என்னிடம் படித்த ஒரு மாணவன் இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் எடுத்து, இரசாயனவியல் கடினம் என்று அதற்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை எடுத்தான். பாடசாலை அதை அனுமதித்தது, விதியும் அனுமதிக்கிறது. நல்ல பெறுபேறு வந்தது. அவன் சிறுவயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது குடிசார் பொறியியல். பொறியியற் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும் என்பதை அவன் தந்தை என்னிடம் கேட்டறிந்தது விண்ணப்பம் நிரப்பும் நாளில். கணினி விஞ்ஞானத்தை விரும்பும் பிள்ளைக்கு அவன் எடுத்த மூன்றும் மிக நல்ல பாடங்கள். அவன் விரும்பியதற்கு அவை உதவவில்லை. அதுபோலவே, உயிரியற் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுப்பவர்கள் விவசாயப் பீடத்தை எண்ணி எடுத்தால் அது பொருத்தமான தெரிவு; மருத்துவத்தையோ பல் மருத்துவத்தையோ மனத்தில் வைத்திருந்தால் அந்த நாளிலேயே அந்த வாசல் மூடிவிடுகிறது.

பெயர் ஒற்றுமையாலும் ஏமாற்றம் நேர்கிறது. 2013 இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவில் பொறியியல் தொழினுட்பம் என்று ஒரு பாடம் உண்டு. அதைப் படித்தால் எந்திரியாகலாம் என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். பொறியியற் பட்டம் வேறு, பொறியியல் தொழினுட்பப் பட்டம் வேறு. முதலாவதற்கு வழி கணிதப் பிரிவு, இரண்டாவதற்கு வழி தொழினுட்பப் பிரிவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் தொழினுட்ப பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஒரே வளாகத்தில் இருப்பதால், இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுவது எளிது. இரண்டாவது தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. காற்றாலைகளும் நெல் ஆலைகளும் குளிர்களஞ்சியங்களும் பெருகிவருகின்ற மன்னாருக்கும் கிளிநொச்சிக்கும் தொழினுட்பப் பட்டதாரிகள் நிச்சயமாகத் தேவை. ஆனால் எதற்குப் போகிறோம் என்பதை அறிந்து போக வேண்டும்.

தரம் 9 இலேயே தொடங்கும் தெரிவு

பாடத்தெரிவு சாதாரணதரத்துக்குப் பின்னர்தான் வருகிறது என்பது பாதி உண்மை. சாதாரணதரத்தின் ஒன்பது பாடங்களில் சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், வரலாறு, விஞ்ஞானம் ஆகிய ஆறும் கட்டாயமானவை. எஞ்சிய மூன்றையும் தொகுதிகளிலிருந்து தரம் 10 க்குப் போகும்போது தெரிவுசெய்கிறோம். அந்த மூன்றும் பெரும்பாலும் உயர்தரத்தை முற்றாகத் தீர்மானிப்பதில்லை; சாதாரணதரத்தில் வணிகக் கல்வி எடுக்காத பிள்ளையும் உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கலாம். ஆகவே மூன்றாம் தொகுதியில் விவசாயமா, தகவல் தொழினுட்பமா, மனைப் பொருளியலா என்று வீட்டில் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு விருப்பமானதும் ஆசிரியர் உள்ளதுமான பாடத்தை எடுக்கட்டும்.

நான் கவலைப்படுவது கட்டாயப் பாடங்களில் இரண்டைப் பற்றி: கணிதமும் ஆங்கிலமும். கணிதத்தில் சித்தியில்லாமல் உயர்தரத்துக்குள் நுழைவதே கடினம். நுழைந்த பின்னும் முகாமைத்துவம், தகவல் தொழினுட்பம் சார்ந்த கற்கைநெறிகள் சில சாதாரணதரக் கணிதத்தின் தரத்தைப் பார்க்கின்றன. ஆங்கிலத்தில் 'எஸ்' (சாதாரண சித்தி) எடுத்தால் போதும் என்று விட்டுவிடும் பழக்கம் வன்னியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த 'எஸ்' பிறகு, ஆங்கிலத்தில் 'சி' (திறமைச் சித்தி) கேட்கும் கற்கைநெறிகளின் முன்னே பிள்ளையை நிறுத்திவிடுகிறது. சட்டத்தை விரும்பும் பிள்ளைகள் இதைக் கைந்நூலில் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். உயர்தரத்தில் எழுதும் பொது ஆங்கிலம், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் சேர்வதில்லை என்பதால் அதையும் படிக்காமல் விடுகிறார்கள். ஆனால் விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் என எதற்குப் போனாலும் முதலாம் ஆண்டு விரிவுரை ஆங்கிலத்திலேயே நடக்கும். நெடுங்கேணியிலிருந்தும் துணுக்காயிலிருந்தும் போன கெட்டிக்காரப் பிள்ளைகள் முதலாம் அரையாண்டில் தடுமாறுவது அறிவுக் குறைவினால் அன்று, இதனால்தான். தரம் 9 இலிருந்து நாளுக்கு அரை மணித்தியாலம் ஆங்கிலத்துக்கு ஒதுக்கும் பிள்ளை, எந்தப் பிரிவைத் தெரிந்தாலும் அதன் பயனை அடையும்.

பாடசாலையில் உண்மையில் என்ன இருக்கிறது?

கைந்நூல் சொல்வது ஒன்று. நமது பாடசாலையில் கிடைப்பது இன்னொன்று. விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும் இருக்கும். வன்னியின் உட்பகுதிகளில் அருகிலுள்ள பாடசாலை 1சி ஆக இருந்தால், விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை வேறு ஊருக்குப் போக வேண்டியிருக்கும். கலைப் பிரிவில் பிள்ளைகள் நிறைந்திருப்பதற்கு விருப்பத்தைவிடத் தூரமே பெரிய காரணம் என்பதை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். மாலை நாலரைக்குப் பிறகு பேருந்து இல்லாத ஊரில் இருந்துகொண்டு, ஆய்வுகூட வகுப்பு முடியும்வரை நிற்க எந்தப் பெண்பிள்ளையால் முடியும்? ஆகவே பாடத்தைத் தெரிவுசெய்யும்போதே பயணத்தையும் தெரிவுசெய்தாக வேண்டும். விடுதி உண்டா, உறவினர் வீடு உண்டா, அந்த வீட்டில் இரவு படிக்க இடம் இருக்குமா என்பவையும் பாடத்தெரிவின் பகுதிகளே.

பாடசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது என்று தெரிந்தால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். அதிபரிடமோ பகுதித் தலைவரிடமோ மரியாதையாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள்: மூன்று பாடங்களுக்கும் இப்போது நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? அவருக்கு இடமாற்றம் வரும் காலம் நெருங்குகிறதா? கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தப் பாடத்தை எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் சித்தியடைந்தார்கள்? செயன்முறை ஆய்வுகளைப் பிள்ளைகள் தாங்களே செய்கிறார்களா, அல்லது ஆசிரியர் செய்வதைப் பார்க்கிறார்களா? எங்கள் பகுதியில் ஆசிரியர் பலர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, குறித்த ஆண்டுகள் சேவை முடிந்ததும் ஊர் திரும்புகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தரம் 12 இன் நடுவில் இரசாயனவியல் ஆசிரியர் போய், ஏழு மாதம் அந்த இடம் வெறுமையாக இருந்த ஒரு வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். அந்த வகுப்பில் இருந்த பதினொரு பிள்ளைகளில் மூவரே முதல் தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தார்கள். ஆசிரியர் இல்லாத பாடத்தைத் தெரிவுசெய்யும் பிள்ளை, அந்தப் பாடத்தை எங்கே, எந்த நாளில், எவ்வளவு செலவில் ரியூசனில் படிக்கும் என்பதையும் முதல் நாளே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்குப் போகலாமா என்ற கேள்வி இங்கே எழும். பெயர்பெற்ற பாடசாலைகளும் ரியூசன் நிலையங்களும் அங்கே இருப்பது உண்மை. ஆனால் பல்கலைக்கழக இடங்களில் ஒரு பகுதி மாவட்டவாரியாக ஒதுக்கப்படுகிறது (கீழே விளக்குகிறேன்). அதற்கான மாவட்டத் தகுதியைத் தீர்மானிக்கும்போது, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பிள்ளை படித்த பாடசாலைகளின் மாவட்டம் பார்க்கப்படுகிறது. சாதாரணதரம் முடிந்ததும் மாங்குளத்திலிருந்து யாழ்ப்பாணப் பாடசாலைக்கு மாறும் பிள்ளை, முல்லைத்தீவுப் பிள்ளையாக அல்லாமல் யாழ்ப்பாணப் பிள்ளையாகப் போட்டியிட நேரலாம். பாடசாலை மாறுவதற்கு முன்னர் கைந்நூலின் அந்தப் பகுதியைச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு என் ஆலோசனை, ஊர்ப் பாடசாலையில் இருந்துகொண்டு விடுமுறைக் காலத்தில் மட்டும் வெளியே போய்ப் படிப்பதே.

இசட் புள்ளியும் 'இலகுவான பாடமும்'

"இந்தப் பாடம் இலகு, இலேசாக ஏ எடுக்கலாம்" என்ற சொல்லை நம்பித் தெரிந்த பாடங்களே பிள்ளைகளை அதிகம் ஏமாற்றுகின்றன. பல்கலைக்கழக அனுமதி 2001 முதல் இசட் புள்ளியின் அடிப்படையில் நடக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை பெற்ற புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்தை எழுதிய அனைவரினதும் சராசரியைக் கழித்து, அதை அந்தப் பாடத்தின் நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவால்) வகுத்தால் வருவது அப்பாடத்துக்கான இசட் புள்ளி. மூன்று பாடங்களினதும் சராசரியே பிள்ளையின் இசட் புள்ளி.

வகுப்பில் நான் காட்டும் கணக்கு இது. ஒரு பாடத்தின் சராசரி 60, நியம விலகல் 10 என்று வைத்துக்கொள்வோம். அதில் 75 எடுத்த பிள்ளைக்கு இசட் புள்ளி 1.5. இன்னொரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 என்றால், அதில் 70 எடுத்த பிள்ளைக்கு இசட் புள்ளி 2.0. முதற் பிள்ளைக்கு ஏ, இரண்டாம் பிள்ளைக்கு பி. ஆனால் வரிசையில் முன்னே நிற்பது பி எடுத்த பிள்ளை. எல்லோருக்கும் இலகுவான பாடம் எல்லோருக்கும் புள்ளி தருகிறது. அதனால் யாருக்கும் அது முந்தும் வாய்ப்பைத் தருவதில்லை. இதைக் கேட்டதும் சில பெற்றோர் எதிர்த்திசைக்குப் பாய்ந்து, கடினமான பாடத்தை எடுத்தால் இசட் புள்ளி ஏறும் என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். அதுவும் தவறு. கடினமான பாடத்தில் சராசரிக்குக் கீழே நின்றால் இசட் புள்ளி மறையெண்ணாகிவிடும். மற்றவர்களைவிடத் தன் பிள்ளை எந்தப் பாடத்தை உண்மையாகவே நன்றாகச் செய்யும் என்பதே பார்க்க வேண்டியது. அதற்குத் தரம் 10, 11 தவணைப் பரீட்சைப் புள்ளிகளை எடுத்து, வகுப்புச் சராசரிக்கும் பிள்ளையின் புள்ளிக்கும் உள்ள இடைவெளியைப் பாடவாரியாக எழுதிப் பாருங்கள். வெறும் ஏ, பி எண்ணிக்கையைவிட அது அதிகம் சொல்லும்.

இசட் புள்ளியைத் தவிர இரண்டு நிபந்தனைகள் உண்டு. மூன்று பாடங்களிலும் குறைந்தது சாதாரண சித்தியும், உயர்தரத்தில் எல்லோரும் எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் வேண்டும். இரண்டாவதைப் பிள்ளைகள் பரீட்சைக்கு முந்திய வாரம்வரை நினைப்பதே இல்லை.

மாவட்ட ஒதுக்கீட்டை அளவாக நம்புங்கள்

மாவட்ட ஒதுக்கீடு பொருந்தும் கற்கைநெறிகளில் இடங்கள் மூன்றாகப் பிரிகின்றன: 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசைப்படி, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கும் அந்தப் 16 க்குள் அடங்குகின்றன. சில கற்கைநெறிகளுக்கு மாவட்டக் கணக்கு இல்லை, தீவு முழுவதற்குமான திறமை மட்டுமே.

இந்த ஒதுக்கீட்டைப் பெரிதாக நம்பிவிடுவோரும் உண்டு. 2012 கணக்கெடுப்பில் நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடியே 3 இலட்சம். முல்லைத்தீவில் ஏறத்தாழ 92,000. அதாவது அரை வீதத்துக்கும் குறைவு. ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் 1,000 இடங்கள் இருந்தால், 55 வீதமான 550 இடங்களில் அந்தக் கணக்குப்படி முல்லைத்தீவுக்கு வருவது இரண்டு அல்லது மூன்று. நாடு முழுவதும் 100 இடங்கள் மட்டுமே உள்ள ஒரு கற்கைநெறி என்றால், ஒரு முழு இடம்கூடத் தேறாது. ஆகவே சிறிய கற்கைநெறிகளை விரும்பும் வன்னிப் பிள்ளை, மாவட்டத்தை நம்பாமல் தீவு வரிசையை நம்பியே உழைக்க வேண்டும். மருத்துவம், பொறியியல் போன்று இடங்கள் அதிகமுள்ளவற்றில் மாவட்ட ஒதுக்கீடு உண்மையாகவே கைகொடுக்கிறது. வெட்டுப்புள்ளி அட்டவணையில் உங்கள் மாவட்ட வரியையும் கொழும்பு வரியையும் பக்கத்தில் வைத்து மூன்று ஆண்டுகளுக்குப் பாருங்கள். இடைவெளி எங்கே அகலம், எங்கே ஒடுக்கம் என்பது தெரியவரும். ஓராண்டு அட்டவணையை மட்டும் பார்த்தால் ஏமாறலாம், ஏனெனில் சிறிய மாவட்டத்தில் ஒரு வகுப்பில் நான்கு கெட்டிக்காரப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டாலே அந்த ஆண்டு வெட்டுப்புள்ளி ஏறிவிடும்.

கலைப் பிரிவை எண்ணித் தெரியுங்கள்

எங்கள் பிள்ளைகளில் மிகப் பலர் போகும் பிரிவு இது; மிகக் குறைவாகச் சிந்தித்துத் தெரியப்படும் பிரிவும் இதுவே. மற்றப் பிரிவுகளில் பாடங்கள் ஏறத்தாழ முடிவாகிவிட்டவை. கலையில்தான் பிள்ளைக்கு உண்மையான தெரிவு இருக்கிறது. அப்படியிருந்தும், "அக்கா எடுத்தது, குறிப்புக் கொப்பி வீட்டில இருக்கு" என்பதே பல வீடுகளில் காரணமாக இருக்கிறது. சமூக விஞ்ஞானங்கள், சமயங்களும் நாகரிகங்களும், அழகியல், மொழிகள் எனப் பாடங்கள் தொகுக்கப்பட்டு, எந்தத் தொகுதியிலிருந்து எத்தனை எடுக்கலாம் என்பதற்கு விதிகள் உண்டு. விதிக்குப் பொருந்தாத சேர்க்கையில் மூன்று ஏ எடுத்தாலும் சில கற்கைநெறிகளுக்குத் தகுதியில்லாமற் போகலாம். எனவே சேர்க்கையைக் கைந்நூலுடன் ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு பாடசாலைப் பதிவில் கையொப்பம் இடுங்கள்.

நான் பொதுவாகச் சொல்வது, மூன்றில் ஒன்றேனும் கணக்கோ தரவோ வரைபடமோ கையாளும் பாடமாக இருக்கட்டும் என்பதே: புவியியல், பொருளியல், அளவையியலும் விஞ்ஞானமுறையும் ஆகியவற்றுள் ஒன்று. புவியியல் படித்த பிள்ளைக்குக் காணி அளவை, நீர் முகாமைத்துவம், அனர்த்த முகாமைத்துவம் பக்கம் நகர வழி இருக்கிறது. இரணைமடுவும் கட்டுக்கரைக்குளமும் முத்தையன்கட்டும் உள்ள நிலத்தில் வளர்ந்த பிள்ளைக்கு நீரையும் நிலத்தையும் பற்றிய அறிவு வாழ்வோடு சேர்ந்தே வருகிறது. இரண்டாவது பாடமாக ஒரு மொழியை எண்ணிப் பாருங்கள். சிங்களத்தையோ ஆங்கிலத்தையோ உயர்தரத்தில் படிக்கத் துணியும் பிள்ளைகள் வன்னியில் மிகக் குறைவு. மொழிபெயர்ப்புக் கற்கைக்கும் அரச சேவைக்கும் அது பெரிய பலம். மூன்றாவது முழுக்கப் பிள்ளையின் விருப்பமாக இருக்கட்டும்.

சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் என்று அழகியலில் உண்மையான ஆற்றலுள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் அவர்களுக்கு இடம் உண்டு. ஆனால் இத்தகைய கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளியுடன் செயன்முறைப் பரீட்சையும் உண்டு என்பதால், அதற்கான தனி விண்ணப்ப அறிவித்தலைத் தவறவிடாமல் கவனிக்க வேண்டும்.

வர்த்தகப் பிரிவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி ஆகிய மூன்றையும் சேர்த்து எடுப்பதே வழிகளை அகலத் திறந்து வைக்கும். ஒன்றைக் கைவிட்டு வேறொன்றை எடுக்க விதி இடம் தந்தாலும், கணக்கீட்டைக் கைவிட வேண்டாம். 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக நிற்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வியாபாரக் கற்கைகள் பீடம் இருக்கிறது. பம்பைமடு வளாகத்தை ஒருமுறை பிள்ளைக்குக் கூட்டிச்சென்று காட்டுங்கள். அங்கே பிரயோக விஞ்ஞான பீடமும் தொழினுட்பவியற் கற்கைகள் பீடமும்கூட உண்டு. பல்கலைக்கழகம் என்பது வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய இடம் என்று கண்ணால் பார்த்த பிள்ளை வேறு மாதிரிப் படிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

தெரிவு பிழைத்துவிட்டால்

வகுப்புத் தொடங்கி முதல் இரண்டு, மூன்று மாதங்களுக்குள் பாடம் ஒத்துவரவில்லை என்று பிள்ளை சொன்னால் செவிகொடுங்கள். அந்தக் காலத்துக்குள் பிரிவு மாறுவது பெரிய இழப்பன்று. ஓராண்டு கழித்து மாறுவது பெரிய இழப்பு. "ஊர் என்ன சொல்லும்" என்பதற்காகப் பயோவில் மூன்று தடவையும் எழுதி முடித்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் எடுக்கப்படுவது மூன்று தடவைகள் மட்டுமே என்பதால், நான்காவது தடவையில் பாடத்தை மாற்றி எழுதி அரச பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி அந்தப் பிள்ளைக்கு இருக்கவில்லை. முதல் தடவைப் பெறுபேற்றை வைத்து, அதே பாடங்களில் ஏறக்கூடிய அளவு எவ்வளவு என்பதை ஆசிரியருடன் பேசி, தேவையானால் இரண்டாவது தடவைக்கே வேறு பாடங்களுக்கு மாறிவிட வேண்டும்.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைக்கான வழிகளையும் தெரிவுசெய்யும் நாளிலேயே அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் அவையும் பாடத்தைப் பார்க்கின்றன. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது உயர்தரத்தில் எந்தப் பாடங்களைப் படித்தோம் என்பது கற்பிக்கப்போகும் துறையைத் தீர்மானிக்கும். அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்று, அதன் மேல் மட்டங்களுக்கு ஏறி, பின்னர் தொழினுட்பப் பட்டம் வரை போகும் வழி இருக்கிறது. சாதாரணதரத்தில் தேவையான சித்தி பெறாத பிள்ளைகளும் 13 ஆண்டு உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவில் தரம் 12 க்குப் போகலாம். அந்தப் பிரிவு எந்தப் பாடசாலையில் உண்டு என்பதை வலயக் கல்விப் பணிமனையில் கேட்டறியலாம்.

பெறுபேறு வருமுன்னரே உயர்தர வகுப்புகள் தொடங்கும் நிலை அண்மையில் வந்திருப்பதால், யோசிப்பதற்கான காலம் சுருங்கிவிட்டது. ஆகவே சாதாரணதரப் பரீட்சைக்கு முந்திய ஓகஸ்ட் விடுமுறையிலோ மார்கழி விடுமுறையிலோ இந்த வேலையைச் செய்து முடித்துவிடுங்கள். வழிகாட்டல் ஆசிரியரைச் சந்திக்க வரும்போது ஐந்து கற்கைநெறிகள் எழுதிய தாளையும், தரம் 10, 11 தவணைப் புள்ளி அறிக்கைகளையும், உங்கள் மாவட்டத்தின் மூன்றாண்டு வெட்டுப்புள்ளிகளையும் கொண்டுவாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தாயோ தந்தையோ பேசி முடித்த பிறகு, பிள்ளையை மட்டும் பத்து நிமிடம் ஆசிரியருடன் விட்டுவிட்டு வெளியே மரத்தடியில் இருங்கள்.